இந்த மாத நோய் யாருக்கு?

ஜூலை 6, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடைக்கம்பி முறிவு. சுக்கு கோடவுன் முழுக்க ஈர வாடை.

சம்பளப் பட்டியல் போட உட்கார்ந்தேன். இன்ஷூரன்ஸ் பிடித்தம், நாலாவது மாதம். நோய் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு இன்ஷூரன்ஸ் கம்பெனி தரும். பிரீமியம் பாதி முதலாளி சேட், பாதி தொழிலாளி. பிடிக்கிற பாவம் மட்டும் முழுசாக எனக்கு.

பிடித்தம் என்றாலே சண்டைதான் வழக்கம். சுக்கு பொறுக்கும் பெண்கள் இதற்கு மட்டும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மத்தியானம் பீவாத்து பேசியது காதில் விழுந்தது. பெண்களை மேய்க்கும் மூப்பத்தி அவள், நாக்கு வாள்.

"கழிஞ்ச மாசம் கொச்சுமரியாக்கு விழுந்தது. ரெண்டு நாள் கிடந்துட்டு வந்தா. ஃபேனு, பாலு, ரொட்டி! இந்த மாசம் யாருக்கோ?"

விசாரித்தேன். தலையில் கைவைத்தேன். பாலிசி விற்க வந்த ஏஜெண்ட் மகராசன் "இது ஒரு குறி மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். குறி என்றால் இங்கே சீட்டு. மாதாமாதம் எல்லாரும் கட்டி, பெயர் எழுதிய நறுக்கைக் குலுக்கி, விழுந்தவருக்குத் தொகை. இவர்கள் நோய்க்கும் குலுக்குகிறார்கள்! நறுக்கு விழுந்தவள் அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மற்றவர்கள் முறை வரும்வரை ஆரோக்கியமாக இருக்க வேண்டும்.

ஜூலை 7, செவ்வாய்

மழை. சாயாவில் ஈ.

பொறுக்கிக்கொண்டிருந்த தங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்கின்மேல் சுருண்டுவிட்டாள். டாக்டரிடம் காட்டியாயிற்று. பித்தப்பையில் கல். சீக்கிரம் அறுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து.

"போய்ப் படு, செலவுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு" என்றேன்.

"எனக்கு நறுக்கு விழலையே சாமீ. முறை வராம எடுத்தா அது களவல்லே?"

மலையாளக் கரைக்குக் கணக்கெழுத வந்த தமிழன், பூணூல் வேறு. அதனால் இங்கே எல்லாருக்கும் நான் சாமி. சாமி சொல்லி ஒருத்தியும் கேட்டதில்லை.

ஜூலை 8, புதன்

எல்லாரையும் தராசுக்குப் பக்கத்தில் கூட்டி உபன்யாசம். நோய் முறை பார்த்து வராது, வந்தவளுக்குத்தான் பணம்.

கொச்சுமரியா: "அப்போ நோய் வராதவளுக்கு?"

"ஒண்ணும் கிடையாது."

"பிடிச்ச காசு?"

"போச்சு."

பிறகு பீவாத்து: "சாமி, இதைவிட ஏஜெண்ட் சொன்னதில்தான் நியாயம் உண்டு." எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு நிமிஷம் எனக்கே அப்படித்தான் பட்டது. நாசமாய்ப் போக.

ஜூலை 9, வியாழன்

ஏஜெண்டுக்கு டிரங்க் கால். சிரிக்கிறான். வைத்துவிட்டேன்.

தங்கம்மா இன்றும் வேலைக்கு. முகத்தில் ரத்தமே இல்லை. கஞ்சி இறங்கவில்லை. "சனியாழ்ச்ச குலுக்கு உண்டல்லோ சாமி" என்கிறாள். இன்னும் விழாதவர்கள் பதினெட்டுப் பேர். இவளுக்கு விழுமா? செத்துப்போவாள், பிடிவாதக்காரி! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

ஜூலை 10, வெள்ளி

கோமதியிடம் புலம்பினேன். என் தர்மபத்தினி தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்:

"பதினெட்டு நறுக்கிலயும் அவ பேரையே எழுதினா என்னவாம்? உங்க கணக்கு ஒரு தடவை தப்பினா குடியா முழுகிடும்?"

முப்பது வருஷமாகக் கள்ளக்கணக்கு எழுதாத கை. எழுதினேன். கை தவறிக் காந்தம்மா என்று ஒன்று விழுந்துவிட்டது, கிழித்துவிட்டு மறுபடி.

ஜூலை 11, சனி

சம்பளம் பட்டுவாடா. பீவாத்து பிஸ்கட் டின்னோடு வந்தாள், நறுக்குகள் தயாராக உள்ளே.

"இனிமேல் நறுக்கை ஆபீஸ்தான் எழுதும்" என்றேன், அதிகாரமாக.

டின்னை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது பெண்ணுங்க காரியம். சாமி போய் உங்க வேலையைப் பாருங்க."

பெரிய சண்டை. பிடித்தத்தையே நிறுத்திவிடுவேன் என்று மிரட்டி வாங்கினேன். அவள் எழுதியதை அப்படியே சாயா அடுப்பில் கொட்டிவிட்டு என்னுடையதைப் போட்டேன். அவள் பார்த்த பார்வை!

கொச்சுமரியா கண்ணை மூடி எடுத்தாள். வாசித்தாள். "தங்கம்மா!"

ஒரே கைதட்டல். "எனக்கா? எனக்கேவா?" என்று தங்கம்மா தேம்பித் தேம்பி அழுதாள். பீவாத்து மட்டும் வாயைப் பிளந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கம்மாவை உடனே ஆட்டோவில் ஏற்றினோம்.

ஜூலை 14, செவ்வாய்

மழை விட்டது. நேற்று ஆப்பரேஷன், நல்லபடி. கல் நெல்லிக்காய் அளவாம், கொச்சுமரியா சொல்கிறாள். அவள் எதையும் பெருக்குவாள். நேரில் போனேன். தங்கம்மா சிரித்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் பீவாத்து என் மேஜைமேல் டின்னை வைத்தாள். மீதி நறுக்குகள். எல்லாம் பிரித்தபடி.

மாட்டிக்கொண்டேன். "பீவாத்து, வேற வழி தெரியலை..."

"அது கிடக்கட்டும். அன்னைக்கு அடுப்பில போட்டீங்களே என் நறுக்கு, அதில ஒண்ணையாவது பிரிச்சுப் பாத்தீங்களா சாமி?"

"இல்லை."

"ரெண்டு நாளா குந்தியிருந்து எழுதினேன். பதினெட்டிலயும் தங்கம்மாதான்."