வவுணதீவு எருமை வழக்கு

1935 மாசி 11, திங்கள்

காலையில் தூறல். எழுதவே வெட்கம். இன்று நீதிமன்றத்தில் நித்திரையாகிவிட்டேன். தயிரும் சோறுமாக வெட்டிவிட்டுப் போன வினை. எருமைக் களவில் பிடிபட்ட என் கட்சிக்காரன் சின்னத்தம்பியை வழக்கு முடியும்வரை மறியலில் அடைத்து வைக்கப் பொலிஸ் கேட்டதாம். நீதவான் என்னைப் பார்த்தாராம். திடுக்கிட்டு எழும்பி, "ஆட்சேபணை இல்லை, கனம் துரையவர்களே!" என்றேன். சபை முழுக்கச் சிரிப்பு. சின்னத்தம்பி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

வாசலில் அவன் பெண்சாதி கண்ணம்மை. "வயல் வட்டையில நெல்லு முத்திக் கிடக்கு ஐயா. வெட்ட ஆளில்ல. வாயத் திறந்த நீங்க ஒரு நல்ல சொல்லுச் சொல்லியிருக்கப்படாதா?"

குடையை விரித்துக்கொண்டு ஓட்டம்.

என் தொழிற் சாதனைகள்: கோழிக் களவில் வெற்றி. கள்ளச் சாராயத்தில் வெற்றி. கலியாண வீட்டு அடிபிடியில் இரண்டு பக்கத்தாரும் என்னை ஏசியும் வெற்றி. நித்திரையில் தோல்வி, இது ஒன்றுதான். இதை வெல்லாமல் விடுவதில்லை.

மாசி 12, செவ்வாய்

தோணியில் வவுணதீவு. வழக்கு எருமை ஊர்த்தலைமை விதானையாரின் வளவில் கட்டியிருந்தது. தடயப்பொருள் வாலால் அடித்ததில் என் வெள்ளை வேட்டி முழுக்கச் சேறு.

சங்கதி இவ்வளவுதான். தாய்வழிக் குலத்தைக் குடி என்பது இங்கே வழக்கம்; மாட்டில் அந்தக் குடிக்குறியைச் சுடுவதும் வழக்கம். சின்னத்தம்பியின் பட்டியில் நின்ற இந்த எருமையில் இருப்பது அவன் குடியின் குறியல்ல. அயலில் பெரிய வயற்காரரான போடியாரின் குடிக்குறி. ஆகவே களவு என்கிறது பொலிஸ்.

கண்ணம்மைக்குக் கோபம். "என்ட அம்மா சீதனமாத் தந்த எருமை போட்ட கண்டு ஐயா இது. எங்கட குடிக்குறிதான் சுடுவம். போடியாரும் எங்கட குடிதானே!"

பிடி கிடைத்தது. ஆனால் நீதவான் புதியவர். வெளியூர். நம் குடி வழக்கம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனா ஆவன்னாவில் இருந்து படிப்பிக்கவேண்டும். படிப்பிப்பேன்.

மாசி 14, வியாழன்

நல்ல வெயில். காலைச் சோறு இல்லை. வெறுந்தேத்தண்ணி.

போடியாரைக் கூண்டில் ஏற்றி: "குடிக்குறிக்குக் கீழ உங்கட பேரெழுத்தும் சுடுவீங்கதானே?"

"ஓம். என்ட மாடு எல்லாத்திலயும் இருக்கு."

"இந்த எருமையில?"

சால்வையைச் சரிசெய்தார். "பட்டிக்காரன் மறந்திருப்பான்."

"எல்லாத்திலயும் எண்டீங்களே, போடியார்?"

சபையில் சிரிப்பு. இம்முறை என்னைப் பார்த்து அல்ல.

பிறகு நீதவானுக்குப் பாடம். "துரையவர்களே, இந்த ஊரில் வீடு, வயல், மாடு எல்லாம் பெண்வழி. புருஷன் வெறுங்கையோடு வந்து ஏறுகிறவன். பெண்சாதியின் குடிக்குறி உள்ள மாட்டை வைத்திருப்பவன் கள்ளன் என்றால், முதலில் என்னைப் பிடியுங்கள். நான் படுக்கும் வீடு பெண்சாதியுடையது. இந்தக் கறுப்புக் கோட்டு மாமியார் தைப்பித்துத் தந்தது."

நீதவான் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். சின்னத்தம்பி விடுதலை.

வெளியே வந்தவன் கும்பிட்டான். "இண்டைக்கு நித்திரை வரல்லியா, ஐயா?" கண்ணம்மை அவனைத் தோணிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாளைக்கு நெல்லு வெட்டாம்.

வீட்டில் பெண்சாதியிடம் அளந்தேன். வெளியூர் நீதவானுக்கு நம் வழக்கம் முழுவதும் நான்தான் படிப்பித்தேன் என்று.

அவள் மீன் அரிந்தபடி, நிமிராமலே சொன்னாள்: "அவருக்கா? நம்மட மண்டூர்ப் பொம்புளையத்தானே கலியாணம் முடிச்சிருக்கார். இப்ப இருக்கிற வீடும் அவட சீதனம்."