கம்பெனி போன கார்

என்னங்க,

உங்களோடு பேசுவதில்லை என்று நேற்றே சொல்லிவிட்டேன். அதனால்தான் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். சாப்பாடு மேசைமேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

பத்து மணிக்கு மேல், நீங்கள் ஆசைப்படும் அந்தப் பழைய காரோடு கார் புரோக்கர் வருவார். அவர் சிரித்ததும் தலையாட்டிவிடாதீர்கள். சாவியைக் கையில் வாங்காதீர்கள், வாங்கினால் திருப்பித் தர உங்களுக்கு மனசு வராது. அந்தக் காரைச் செய்த கம்பெனியையே இழுத்து மூடியாயிற்று. நாளைக்கு ஒரு கண்ணாடி உடைந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

"கம்பெனி போனா என்ன, வண்டி ஓடுதுல்ல?" என்கிறீர்கள். மிக்ஸி வாங்கும்போதும் இதையேதான் சொன்னீர்கள். ஜார் மூடி உடைந்தது, மாற்று மூடி எங்கேயும் கிடைக்கவில்லை. இன்றுவரை ஜார்மேல் தட்டைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு அரைப்பது நான்தான். அதனால் கார் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பின்குறிப்பு: நேற்று ஆபீஸ் விட்டு வரும்போது நானும் போய் அதில் உட்கார்ந்து பார்த்தேன். சீட் சொகுசாகத்தான் இருக்கிறது. அந்தப் பச்சை நிறமும் எடுப்பாகத்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று, இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன்: நான் உட்காரும் பக்கத்துக் கதவைச் சரியாகச் சாத்த முடியவில்லை. அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். வளைவு வரும்போது மட்டும் முன்னாடியே சொல்லுங்கள், நான் கதவைப் பிடித்துக்கொள்கிறேன்.