மீனுக்கு ஒரு கிண்ணம் மணல்

ரெஹேமாவின் அப்பாவுக்கு,

அம்மாவைப் பார்க்கக் கிலிஃபிக்குப் போகிறேன். தேங்காய்ப்பால் பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது.

கூடத்தில் பவளம் வளர்க்கும் தொட்டியின் மணலை முழுக்க எடுத்துவிட்டீர்கள். கேட்டால், "மணல்ல அழுக்கு தேங்குது, வெறும் கண்ணாடித் தரைதான் பவளத்துக்கு நல்லது" என்றீர்கள். சரி. ஆனால் அந்த மஞ்சள் மீன் மணலில் புதைந்து தூங்குகிற மீன். படைத்தவன் அதற்குத் தந்த படுக்கை அது. இரண்டு நாளாகத் தரையில் முட்டி முட்டி வாய் புண்ணாகிவிட்டது. அதைச் சொன்னால், "அப்போ மீனை யாருக்காவது குடுத்துடலாம், விடு" என்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வாளியில் கிடந்த மணலில் கொஞ்சத்தைக் கடல்நீரில் நன்றாக அலசி, பிரியாணிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுத் தொட்டி மூலையில் வைத்திருக்கிறேன். எடுக்காதீர்கள். மீதித் தரை உங்கள் விருப்பப்படியே இருக்கட்டும். நாலு மணிக்கு மீனை எடுத்துப்போக நீங்கள் வரச்சொன்ன கிடோங்காவுக்குக் காபி கொடுத்து, மீன் தருவதாக இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

சவுமு

பி.கு: செருப்பு மாட்டும்போது எட்டிப் பார்த்தேன். மீன் கிண்ணத்து மணலுக்குள் போய்விட்டது, வால் மட்டும் தெரிகிறது. அல்ஹம்துலில்லாஹ். தொட்டிப் பக்கம் சத்தம் போடாதீர்கள். என்னிடம் போட வேண்டிய சத்தத்தை நாளை நான் வந்தபிறகு கூடத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம்.