ராணி அக்காவின் புடவை

செவ்வாய், இரவு.

ஊருக்குப் பாரமில்லாத சுற்றுலா நடத்தும் எங்கள் குழுவுக்கு வெப்சைட் செய்ய ஆள் தேடுகிறோம். இன்று பிரகாஷ் வந்திருந்தார். எங்கள் ஊரின் ஸ்கெலட்டன் பகுதியில் பிறந்தவர், இப்போது பெங்களூரில் வேலை. மாதிரிக்கு ஒரு பக்கம் செய்து லேப்டாப்பில் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. முதல் படத்தில் மாரிகுப்பம் லைன் வீடுகள், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியவை. மேலே பெரிய எழுத்தில் ‘ஆளில்லாத தங்க ஊர்’.

சுற்றுலா வருகிறவர்களுக்குத் தன் வீட்டில் சாப்பாடு போடும் ராணி அக்கா என் பக்கத்தில்தான் இருந்தார். குனிந்து பார்த்தார்.

“இன்னா தம்பி, இது என் வூடுதானே? கொடியில காயப்போட்ட புடவை எங்க?”

“அழிச்சிட்டேன்கா. ஆளே இல்லாத ஊருன்னாதான் ஜனம் வரும்.”

“வர்ற ஜனத்துக்கு சோறு யாரு போடுவாங்க?”

புடவையைத் திரும்பப் போடுங்க, ‘ஆளில்லாத’ங்கிற தலைப்பை எடுங்க, வேலை உங்களுக்குத்தான் என்று பிரகாஷிடம் சொன்னேன். இதுவரை வேலை கேட்டு வந்தவர்களில் அவர் வேலைதான் சுத்தம். அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார்.

திரும்பும்போது அக்காவுடன் அவர் வீடு வரை போனேன். வாசலில் நின்று கேட்டார்.

“அந்தத் தம்பி சொல்றது நெசமா இருந்தா? நம்மளப் பாக்க யாரு வருவாங்க?”

“வருவாங்கக்கா” என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

போன மாதம் சுற்றுலா வந்தவர்கள் எல்லோரும் இடிந்த வீடுகள் எங்கே இருக்கின்றன என்றுதான் என்னிடம் கேட்டார்கள். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.