குட்டைக்கால் கோமகன்

அண்ணா,

இன்று காலை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில், மலையிலிருந்து இறங்கி வந்த வண்டியின் கூரையிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று கைநழுவி விழுந்து வாய் பிளந்தது. கடுக்காய். காலடிவரை உருண்டு வந்தது. அந்தத் துவர்ப்பு வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டி புறப்படும்வரை அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"இன்னாம்மா, யாரையாவது தேடுறியா?" என்று நடத்துநர் கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். பொய்தான்.

கடுக்காய் என்றால் எனக்குத் தோல் பதனிடும் தொட்டி நினைவு வரும். தொட்டி என்றால் நீ சொன்ன கதையில் வரும் நார்மண்டிக் கோமகனின் பாட்டி நினைவு வருவாள். உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி வராது.

நீ மலைப்பெண்ணைக் கட்டிக்கொண்டாய் என்று அப்பா உன்னை வாசற்படி ஏறக்கூடாது என்று சொன்ன பிறகு, அம்மா கொடுத்தனுப்பிய அரிசியும் முறுக்கும் சுமந்து நான் முதன்முதலாக வெள்ளிமலைக்கு வந்த நாள் அது. சாலையோரம் கடுக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் எனக்காகக் காத்திருந்தாய். கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறவன் தங்கையிடம் நலம் விசாரிப்பதற்கு முன்னால் வேறென்ன பேசுவான்?

"இத வெச்சு தோல பதப்படுத்துவாங்க, தெரியுமா? இங்கிலாந்தையே ஜெயிச்ச ராஜா ஒருத்தரு. அவரப் பெத்தவ தோல் பதப்படுத்துறவரு பொண்ணுன்னு சொல்லுவாங்க. ஒரு ஊரு கோட்டை மேல தோலைத் தொங்கவுட்டு, அதச் சொல்லிச் சொல்லி அவரைக் கிண்டல் பண்ணாங்க. அந்த வலி தெரிஞ்ச ஆளு, தன்னோட மூத்த புள்ளைய இன்னான்னு கூப்ட்டாரு தெரியுமா? குட்டைக்காலன்."

சொல்லிவிட்டு உன் கால்களைப் பார்த்துச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஊரில் எத்தனை பேர் நடுவில் இருந்தாலும் அப்பா உன்னை "டேய் கட்டை" என்றுதான் கூப்பிடுவார். உயரமாக வளர்ந்த நம் தம்பியைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து காட்டுவார்.

அதன் பிறகு நான் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குடும்பத்தின் கதையைச் சொன்னாய். குட்டைக்காலன்தான் அப்பாவின் சொந்த நாடான நார்மண்டிக்குக் கோமகனாக வேண்டியவன். பட்டம் அவனுடையது என்று ஊரறியச் சொன்ன அப்பா, ஆளும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் தம்பிகள் இருவரும் மாடியிலிருந்து அவன் தலையில் தண்ணீரைக் கொட்டிச் சிரித்தார்கள். அப்பா தம்பிகளைத் தண்டிக்கவில்லை. "கொஞ்சூண்டு தண்ணி. அதுலதான் ஆரம்பிச்சுது எல்லாம்" என்றாய். கோபித்துக்கொண்டு நாட்டைவிட்டே போனவனுக்கு அம்மா ரகசியமாக வெள்ளி அனுப்பினாள். ராஜாவுக்குத் தெரிந்து, கொண்டுபோன தூதனின் கண்ணைப் பிடுங்கச் சொன்னார். தூதன் தப்பி ஓடித் துறவியானான்.

"நீதான் அந்தத் தூதன். கண்ணு பத்திரம்" என்று முறுக்கைக் கடித்தாய்.

விளையாட்டாகச் சொன்னது அந்த வாரமே நடந்தது. பையோடு நான் படியிறங்கும்போது அப்பா வழியை மறித்துக்கொண்டார்.

"எங்க போய்க்கினு இருக்க?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா வெளியே வந்தாள். "எம் புள்ளைக்கு நான் குடுத்து அனுப்புறேன். அவள இன்னாத்துக்குக் கேக்குற? என்னைக் கேளு."

அப்பா பையைப் பிடுங்கி எறிந்தார். அரிசி வாசல் முழுக்கச் சிதறியது. அம்மா அழவில்லை. குனிந்து அள்ளி, புடைத்து, மறுபடியும் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை. இதை உன்னிடம் சொன்னபோது, "அந்த ராணியும் இப்டித்தான். மறைக்கலயாம். புருசன் மூஞ்சிக்கு நேராவே சொன்னாளாம்" என்றாய். அன்றைக்கு உன் குரல் வேறு மாதிரி இருந்தது.

உனக்கு மிகவும் பிடித்தது சண்டைக்களத்துக் காட்சி. மகன் ஒரு பக்கம், தந்தை மறுபக்கம். முகத்தை மறைத்த கவசம். மகன் யாரென்று தெரியாமல் ஒரு கிழவரைக் குதிரையிலிருந்து தள்ளிவிடுகிறான். கீழே விழுந்தவர் குரல் கொடுக்கிறார். அப்பாவின் குரல். மகன் குதித்திறங்கி, தன் குதிரையிலேயே அவரை ஏற்றி அனுப்பிவைக்கிறான். இதைச் சொல்லும்போது நீ எழுந்து நின்றுவிடுவாய். உன் மகள் யாழினி, அப்போதுதான் பள்ளிக்குப் போகத் தொடங்கியவள், கைதட்டுவாள். அத்தோடு கதையை நிறுத்திவிடுவாய்.

"அப்பறம் இன்னா ஆச்சு?"

"அப்பறம் இன்னா. அவ்ளோதான்."

ஒருமுறை கேட்டேன், "நீயும் அப்பாவும் எப்ப ராசியாவீங்க?" என்று. "நான் குதிரைக்கு எங்க போவேன்?" என்று சிரித்து மழுப்பிவிட்டாய். அந்த மழைக்காலத்தில்தான், கல்லூரிக்குக் கிளம்பிக் கீழே இறங்கும்போது மலைப்பாதை வளைவில் உன் வண்டி சறுக்கியது. கடைசியாக உன் முகம் பார்க்க அப்பா மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரை வந்தார். அதற்கு மேல் அவரால் வரமுடியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அங்கிருந்தே திரும்பிவிட்டார்.

கருமாதிக்கு உன் கல்லூரி நண்பர் வந்திருந்தார். ஏனோ அவரிடம் அந்தக் கதையின் மிச்சத்தைக் கேட்டேன்.

"குட்டைக்காலனாங்க? பாவங்க அவரு" என்றார். "ராஜா சாவும்போது மூத்தவருக்கு நார்மண்டி, அடுத்தவருக்கு இங்கிலாந்து, கடைசித் தம்பிக்கு வெறும் வெள்ளிதான். மூத்தவரு அப்பதான் அப்பாகிட்ட மறுபடியும் சண்ட போட்டுக்கினு எதிரி ராஜாகிட்ட போயிருந்தாரு. சாவுக்குக் கூட வரல. கடைசித் தம்பி பின்னாடி எல்லாத்தையும் புடிச்சிக்கினாரு. அண்ணனைத் தோக்கடிச்சு, சாவுறவரைக்கும் சிறையில வெச்சிட்டாரு. கிழவனாயி அங்கயே செத்தாருங்க. அவரோட வாரிசா இருந்த ஒரே புள்ளையும் அவருக்கு முன்னாடியே சண்டையில போயிட்டான்."

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை ஒரு இடத்தில் இருக்கவிடவில்லை. முடிவு தெரிந்திருந்தும் நீ ஏன் எப்போதும் குதிரையோடு நிறுத்தினாய்? குழம்பு தாளிக்கும்போது, யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று எழுந்து வெளியே போய்விடுவேன். இப்போதும் அப்படித்தான்.

சில மாதம் கழித்து, ஏரிக்கரை நிலம் முழுவதையும் தன் பேருக்கு எழுதித் தரும்படி தம்பி அப்பாவைக் கேட்டான். பத்திர அலுவலகத்துக்குக் கிளம்பி இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்து, எதற்கென்று எனக்கே புரியாமல், கோமகன் கதையை ஆரம்பித்தேன்.

"இப்ப இன்னாத்துக்கு வெள்ளைக்காரன் கதை?" என்றான் தம்பி.

"சொல்லட்டும் வுடு" என்றார் அப்பா.

தோல்காரர் பேரனிலிருந்து சிறைவரை எல்லாவற்றையும் சொன்னேன். குட்டைக்காலன் என்ற பேரைச் சொன்னபோது அப்பாவின் கை காபி டம்ளரை அழுத்தியது. முடித்ததும் கேட்டார், "அப்பன் சாவும்போது பெரியவன் கூட இல்லியா?"

"இல்லப்பா."

"கூப்ட்டு அனுப்புனானா அப்பன்?"

"தெரியலப்பா."

காபியைக் குடிக்காமல் தள்ளிவைத்தார். பிறகு, "அந்தப் புள்ள பேரு இன்னா?" என்றார்.

"எந்தப் புள்ளப்பா?"

"கட்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "பெரியவன் பொண்ணு."

"யாழினி."

அப்பா அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பேத்தியின் பேரை அன்றுதான் கேட்கிறார், அண்ணா. தம்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அப்பா நிலத்தைப் பிரித்து எழுதியதில் உன் பங்கு யாழினிக்கும் அண்ணிக்கும் வந்துவிட்டது. அப்பா மலைக்கு இன்னும் ஏறவில்லை. ஆனால் யாழினியின் பள்ளி விடுமுறை எப்போது என்று அம்மாவைத் தினமும் கேட்கிறார். தம்பியோ கோபித்துக்கொண்டு மணலூர்பேட்டையில் மாமியார் வீட்டோடு போய்விட்டான். எங்கள் யாரோடும் பேச்சு இல்லை. ஒரு வாசற்படி திறந்ததும் இன்னொன்று அடைத்துக்கொண்டது.

இன்று மலையேறி வந்ததும் யாழினி என் மடியில் ஏறிக்கொண்டு கோமகன் கதை கேட்டாள். இந்தமுறை நான் குதிரையோடு நிறுத்தவில்லை. தம்பி அண்ணனைச் சிறையில் அடைத்ததையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அவரோட தம்பி ஒரு தடவயாச்சும் வந்து பாத்தாரா அத்தே?"

உன் நண்பரும் இதைச் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவளை இறக்கிவிட்டு, போனில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு வந்தேன். தம்பி எண்ணை அழுத்தினேன். அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தான். எங்கேயோ டிராக்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்ட்டியாடா?" என்றேன்.

"இன்னும் இல்லக்கா" என்றான்.

நீ சொல்லாமல் விட்டுப்போன கதைமுடிவிலிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது, நேரம் கடந்துபோவதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்கிற இந்த அவசரம்தான், அண்ணா. நாளை மணலூர்பேட்டைக்குப் போகிறேன்.