மிச்ச மாவில் கிடைத்தது

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

இன்று ஆய்வகத்தில் ஒரு தப்பு செய்தேன், பயப்படாதே. கணினியில் புரதத்தின் படத்தைச் சுற்றி உருளை ஒன்றை வரைந்து, உள்ளே இருப்பதைக் காக்கும் 'மாஸ்க்' என்ற மறைப்பைப் போட்டு, வெளியே இருப்பதை அழிக்க வேண்டும். நீ மாவில் அந்த நசுங்கிய டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வெட்டுவாயே, அதே வேலைதான். நானோ அவசரத்தில் வட்டத்தை அழித்துவிட்டு மிச்ச மாவை வைத்துக்கொண்டேன்! பார்த்தால், இரண்டு வருடமாக எல்லோரும் புரதத்துக்குள் தேடிய மருந்து மூலக்கூறு, வெளியே ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது!

பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். "எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றார்.

"தப்பாத்தான் சார்" என்றேன். ஆய்வகமே கைதட்டியது.

அந்த நசுங்கிய டம்ளரை அனுப்பு, என் மேசையில் வைக்க வேண்டும். கூடவே நாலு வரி திட்டியும் எழுது. இங்கே என்னைத் திட்ட ஆளில்லை. தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

உன் அவசரக்குடுக்கை