பழைய கார்டை மூடிய பிறகு

2025 ஏப்ரல் 5, சனி

வீட்டுக்காரர் மறுபடியும் வந்தார். இந்தக் கொரட்டூர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறாராம். ஜூலை நடுவுக்குள் காலி செய்ய வேண்டும். முகப்பேர் ஃப்ளாட்டுக்கு இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்தாயிற்று. ஜூன் 30க்குள் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அந்த இரண்டு லட்சம் கோவிந்தா.

லோன் ஏஜெண்ட் பாபு என் கிரெடிட் ஸ்கோரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். 694. வங்கி கேட்பது 750.

"இன்னா மேடம், ரெண்டு கார்டும் கழுத்து வரைக்கும் கீது. லிமிட்ட முழுசா தேய்ச்சிகினு மாசம் மினிமம் மட்டும் கட்னா ஸ்கோர் எப்டி ஏறும்?"

திருமுருகன் போய்ச் சேர்ந்து பதினான்கு மாதம். (எழுதும்போதுகூட அவர் பெயரைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.) அவர் கம்பெனி கொடுத்த பணத்தை மகள் அகல்யா படிப்புக்கென்று வைத்திருந்தேன். அதில் கை வைத்தே ஆக வேண்டும்.

ஏப்ரல் 8

இரண்டு கார்டையும் முழுதாகக் கட்டிவிட்டேன். 1,62,000. அழுகை வந்தது. பிறகு பசி வந்தது.

ஏப்ரல் 26

ஸ்கோர் 752! கடன் கொடுக்கும்போது வங்கி மறுபடி பார்க்குமாம். பாபுவுக்கு என்னைவிடச் சந்தோஷம். கமிஷன் வருமே. "கட்டிட்டோம்னு கார்ட மூடிடாதீங்க மேடம். அதுலயும் அந்தப் பழசு, பன்னெண்டு வருசத்துக் கார்டு. பெரிய லிமிட்டு. அத மூடினீங்க, ஸ்கோர் சறுக்கிக்கும். மாசம் சின்னதா ஒரு செலவு போட்டு, முழுசா கட்டிகினே இருங்க."

ஏப்ரல் 29

யாரும் தொடாத பழைய கார்டில் 199 ரூபாய் ஏறியிருக்கிறது. ஏப்ரல் 27ஆம் தேதி, மொபைல் ரீசார்ஜ். பழைய ஸ்டேட்மெண்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை, அதே 199. மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படும்?

நம்பர் அவருடையது. என் கார்டில் எப்போதோ ஆட்டோ ரீசார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். போன் ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துவிட்டது. நம்பர் மட்டும் உயிரோடு இருக்கிறது.

ஏப்ரல் 30

மதியம் ஆபீஸ் கேன்டீனிலிருந்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன்? தெரியவில்லை.

மணி அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது — கடக், கடக், கொஞ்சம் நின்று மறுபடி கடக். எங்கள் படுக்கையறை ஃபேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்த அதே ஃபேன். வீடு பூட்டியிருக்கு, சாவி என் பையில கெடக்கு, கரண்ட் மெயினையே அணைச்சிட்டுத்தான வந்தேன்?

பிறகு ஒரு செருமல். வைத்துவிட்டேன். வைத்த வேகத்தில் சாம்பார் கொட்டிவிட்டது.

மே 2

அந்தப் பழைய கார்டை மூடிவிட்டேன். பாபுவிடம் சொல்லவில்லை. அந்த 199 இனி போகாது. போகவே வேண்டாம்.

மே 24

719.

பாபு தலையில் அடித்துக்கொண்டார். அகல்யாவின் பள்ளிக் கட்டணம் 55,000 ரூபாயைப் புதுக் கார்டில் போட்டிருந்தேன். அதன் லிமிட்டே 70,000தான். பெரிய லிமிட் போய்விட்டதால் கழுத்து வரை கடனில் இருப்பவளாக மறுபடியும் தெரிகிறேனாம். "படிச்சிப் படிச்சி சொன்னேனே மேடம்! இன்னாத்துக்கு மூடினீங்க?"

ஃபேன் சத்தத்துக்குப் பயந்து என்றா சொல்வது?

மே 26, அமாவாசை

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அத்தை, அவர் அம்மா, ஆள் விட்டார். உடனே வா, வேறெதுவும் சொல்லவில்லை. ஆபீஸிலிருந்து நேரே ஓடினேன்.

இலை போட்டு அவருக்குப் பிடித்த வத்தக் குழம்பு, வடை எல்லாம் வைத்திருந்தார். இலையின் தலைமாட்டில் அவர் போன். தொலைந்தது என்று நான் நினைத்த போன்.

ஆஸ்பத்திரிப் பையிலிருந்து அத்தைதான் எடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு அமாவாசைக்கும் பக்கத்து வீட்டு எழிலரசி அந்த நம்பருக்குக் கூப்பிடுவாளாம். மணி அடித்தால்தான் அத்தை படைப்பார். இன்று அடிக்கவில்லை.

"எம் புள்ள வரமாட்டேன்றானே ரேணுகா, நா இன்னா தப்பு பண்ணேன்?"

"ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நம்பர கட் பண்ணிடுவியோன்னுதாம்மா."

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அங்கேயே என் கணக்கிலிருந்து 199 போட்டேன். எழிலரசி மறுபடி கூப்பிட, போன் இலையோரம் அதிர்ந்து அடித்தது. அத்தை கும்பிட்டுக் கற்பூரம் ஏற்றினார்.

சாப்பிட்ட பிறகு கேட்டேன், "போன மாசம் முப்பதாம் தேதி மத்தியானம் நான் கூப்பிட்டப்ப நீங்கதானே எடுத்தீங்க?"

"நா எதுக்கும்மா எடுக்கறேன்? அமாவாசையன்னிக்குத்தான் எழிலு சார்ஜ் போட்டுக் குடுக்கும். மத்த நாள்ல ஆப் பண்ணி பொட்டில பூட்டி கீது."

ஏப்ரல் அமாவாசை 27ஆம் தேதி. நான் கூப்பிட்டது மூன்று நாள் கழித்து.

ஜூன் 2

வளையல் இரண்டையும் அடகு வைத்துப் புதுக் கார்டை முழுதாகக் கட்டினேன். அந்த 199ஐ அதில் ஆட்டோ ரீசார்ஜாகப் போட்டேன். நானாகவே போட்டேன். நம்பருக்குக் கூப்பிடவில்லை.

ஜூன் 24

756. வங்கி கடனை அனுமதித்துவிட்டது. நம்பவே முடியவில்லை. ஆறு நாள்தான் பாக்கி இருந்தது.

ஜூலை 13

ஆடி பிறப்பதற்குள் முகப்பேர் ஃப்ளாட்டில் பால் காய்ச்சியாயிற்று. அத்தை இனி எங்களோடுதான்.

ஜூலை 21

கொரட்டூர் பக்கம் போனேன். வீடு இல்லை. செங்கல் குவியல். படுக்கையறை ஃபேன் இறக்கை வளைந்து லாரியில் கிடந்தது.

ஜூலை 24, ஆடி அமாவாசை

ஸ்கோர் 763. மாதம் சின்னதாக ஒரு செலவு, முழுதாகக் கட்டுகிறேன். பாபு சொன்னபடியே.

எழிலரசி இங்கே இல்லாததால் இன்று நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. போனை அகல்யா சார்ஜ் போட்டு இலை முன்னால் வைத்தாள். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் காதில் மணி அடித்தது. இலை முன்னால் இருந்த போன் அடிக்கவில்லை. அதன் விளக்குகூட எரியவில்லை.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். கடக், கடக், கொஞ்சம் நின்று மறுபடி கடக்.

இந்த முறை வைக்கவில்லை. "வீடு கெடச்சிடுச்சுங்க," என்றேன். "முகப்பேர்ல. மூணாவது மாடி."

செருமல் கேட்டது. கூடவே ஃபேன் நின்றது.

"மணியே அடிக்கலியேம்மா, படைக்கலாமா?" என்று அத்தை கேட்டார்.

"படைங்க அத்தை," என்றேன்.